கோப்பையா, அமானிதமா?



கடந்த ஜனவரி மாதத்தில் ஓரிரவு, இஷாத் தொழுகை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், நமது மாலை மதரஸாவில் முன்பு ஓதிய ஒரு மாணவனின் தந்தை பள்ளிவாசல் திண்ணையில் காத்திருந்தார். தையல் கடை வைத்துப் பிழைப்பவர். அவருடைய இளைய மகன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து கற்று, மாவட்ட அளவில் நான்கு பேர் பெயர் சொல்லும்படி ஆடுகிறான். அவனுடைய ஆட்டத்தைப் பார்த்த ஒரு தனியார் கல்லூரியின் பயிற்சியாளர் வீடு தேடி வந்து பேசியிருக்கிறார்.

பேச்சின் சாரம் இதுதான். ஜூன் மாதத்தில் கல்லூரியில் இடம், விடுதி, உணவு அனைத்தும் இலவசம். அதற்கு முன்பாக ஒரு சிறு உதவி வேண்டும். அடுத்த மாதம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அணியில் ஒரு மாணவனுக்கு முழங்காலில் அடிபட்டுவிட்டது. அவன் பெயரில் இவன் ஆட வேண்டும். தகுதிப் படிவத்தில் புகைப்படத்தை மட்டும் மாற்றி ஒட்டிக்கொள்வார்களாம். முதல்வரின் கையொப்பத்தைப் பயிற்சியாளரே வாங்கிவிடுவாராம்.

“பேருதானே ஹஜ்ரத் வேற? ஓடுறதும் பந்து போடுறதும் என் புள்ளதானே? இது கூடுமா, கூடாதா?”

கூடாது என்றோம். பொய்ச் சாட்சியம், ஏமாற்று, இன்னொரு கல்லூரிப் பிள்ளைகளின் உரிமையைப் பறித்தல் என்று ஐந்து நிமிடம் விளக்கினோம். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். அவர் சொன்னதைப் பின்னால் எழுதுகிறோம். இப்போதே எழுதிவிட்டால், கல்லூரிகளைப் பற்றி எழுத நமக்குக் கை வராது.

அந்தப் பயிற்சியாளரைக் குறை சொல்வது எளிது. அவர் செய்யச் சொன்னது தவறு என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆயினும் அவரை அந்த நாற்காலியில் அமர்த்தியவர்கள் யார், எதற்காக அமர்த்தினார்கள், எது நடந்தால் அவரை அனுப்பிவிடுவார்கள் என்பதையும் கேட்க வேண்டும். தனியார் கல்லூரிகளில் பயிற்சியாளர் பலரும் தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஆண்டின் இறுதியில் தாளாளரின் மேசைக்குச் செல்லும் கணக்கில் எத்தனை கோப்பை என்று இருக்கும். எத்தனை மாணவர் தேர்ச்சி பெற்றனர், காயம்பட்டவனுக்கு மருத்துவம் பார்க்கப்பட்டதா, போட்டியில் உண்மையாக ஆடினார்களா என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இருக்காது. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் தயாரிக்கும் ஊழியர் எந்த நிறுவனத்திலும் அரிது.

நமது தமிழ்நாட்டில் விளையாட்டு வெறும் பொழுதுபோக்காகவும் இல்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் உண்டு. அரசு வேலைவாய்ப்பில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஒரு தையல்காரரின் மகனுக்கு ஒரு சான்றிதழ் என்பது ஒரு வாழ்க்கை. அந்தச் சான்றிதழை வழங்கவும் தடுக்கவும் வல்லவராகப் பயிற்சியாளர் இருக்கிறார். ஆகவே அவரை நியமிப்பது, மைதானத்துக்குப் புல் வெட்ட ஆள் அமர்த்துவது போன்ற காரியம் அன்று.

அல்லாஹ் தன் திருமறையில் ஊழியரை அமர்த்துவது பற்றி ஒரு பெண்ணின் வாயிலாகவே நமக்குக் கற்பிக்கிறான். ஸூரத்துல் கஸஸின் 26ஆம் வசனம். மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து தப்பி மத்யனுக்கு வருகிறார்கள். கிணற்றடியில் ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, இரு பெண்கள் தங்கள் ஆடுகளுடன் ஒதுங்கி நிற்கிறார்கள். மூஸா (அலை) அவர்கள் அந்த ஆடுகளுக்கு நீர் புகட்டித் தருகிறார்கள். பிறகு அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் இவரையே வேலைக்கு அமர்த்தும்படி கூறும்போது இரண்டு தகுதிகளைச் சொல்கிறார்: வலிமை, நம்பகம்.

வலிமையை அப்பெண் கிணற்றடியில் கண்டார். அங்கிருந்த அனைவருமே கண்டனர். நம்பகத்தை எங்கே கண்டார்? தந்தையின் அழைப்பைச் சொல்லி வீட்டுக்கு அழைத்துவரும் வழியில், மூஸா (அலை) அவர்கள் தாம் முன்னே நடந்து, அப்பெண்ணைப் பின்னே வரச் செய்து, பார்வையைத் தாழ்த்திக்கொண்டதில் கண்டார் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். இதை நாம் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடம் சொல்வதுண்டு: வலிமைக்குக் கூட்டமே சாட்சி, நம்பகத்துக்கு, ஆளில்லாத அந்த வழியில் உடன்வந்தவர் ஒருவரே சாட்சி. கல்லூரிகள் கிணற்றடியை மட்டுமே பார்த்து ஆள் எடுக்கின்றன. இரவுப் பேருந்துப் பயணமும், விடுதி அறையும், படிவம் நிரப்பும் மேசையும் அவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. அதை நம் மார்க்க அறிஞர்களே எழுப்பியிருக்கிறார்கள் என்பதால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹிஜ்ரி 728இல் மறைந்த இப்னு தைமிய்யா அவர்கள், ஆட்சிமுறை பற்றிய தமது ‘அஸ்ஸியாஸதுஷ் ஷரஇய்யா’ நூலில் இதே வசனத்தை எடுத்துக்கொண்டு, வலிமையும் நம்பகமும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிது என்கிறார்கள். (அவர்களுடைய வேறு பல கருத்துகளில் நம் வட்டார உலமாக்களுக்கு மாறுபாடு உண்டு, இப்பகுதியை எவரும் மறுத்து நாம் கேட்டதில்லை.) இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம், வலிமையுள்ள பாவியான தளபதி, பலவீனமான நல்லடியாரான தளபதி, இருவரில் யார் தலைமையில் போருக்குச் செல்வது என்று கேட்கப்பட்டதையும் அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். வலிமையுள்ளவரோடு செல்லலாம் என்பதே இமாமின் விடை. அவருடைய வலிமை மக்களுக்கு, பாவம் அவருக்கே. மற்றவருடைய நன்மை அவருக்கே. பலவீனமோ மக்கள் தலையில். அதே நூலில், பொருளைக் காக்கும் பொறுப்பு என்று வந்தால் நம்பகமே முற்படுத்தப்பட வேண்டும் என்றும் கூறப்படுகிறது.

வெற்றி தருபவரை வைத்துக்கொள்ளும் கல்லூரித் தாளாளர் இந்த விடையின் முதற்பாதியைப் படித்தால் மகிழ்ந்துபோவார். ஆகவே இவ்விடத்தில் கேள்வி ஒன்றே: கல்லூரிப் பயிற்சியாளர் படைத்தளபதியா, கருவூலக் காவலரா?

நாம் காவலர் என்கிறோம். காரணம், இமாமின் விடையிலேயே இருக்கிறது. தளபதியின் பாவம் அவரோடு நின்றுவிடுகிறது என்பதால்தான் அவருக்கு அந்தச் சலுகை. பயிற்சியாளரின் தவறு அவரோடு நிற்பதில்லை. அது பிள்ளைகளின் உடம்பில், பெயரில், வருங்காலத்தில் போய் விழுகிறது.

நம் நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள். 2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டியில் 4x400 மீட்டர் தொடரோட்டத்தில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றபோது நாடே எழுந்து நின்றது. அடுத்த மாதம் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் அதே அணிக்குத் தங்கம். அஸ்வினி அக்குஞ்சி தடை தாண்டும் ஓட்டத்திலும் தனியாக ஒரு தங்கம் வென்றார். அவர்களைப் பயிற்றுவித்தவர் உக்ரைனைச் சேர்ந்த யூரி ஒகரோட்னிக். எட்டு மாதம் கழிந்தது. 2011 கோடையில் பாட்டியாலா முகாமைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனைகள் ஆறு பேர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினர். தொடரோட்டத் தங்கம் வென்ற நால்வரில் மூவர் அந்தப் பட்டியலில் இருந்தனர். சீனாவில் வாங்கி வரப்பட்டுப் பயிற்சியாளர் கையால் தரப்பட்ட ஜின்செங் மாத்திரையைத்தான் உண்டோம், அதில் என்ன கலந்திருந்தது என்று அறியோம் என்பது அவர்கள் வாதம். அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சர் அஜய் மாக்கன் பயிற்சியாளரை நீக்கினார். வீராங்கனைகளுக்கு முதலில் ஓராண்டுத் தடை. 2012இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டாண்டாக ஆக்கியது.

ஓட்ட வீராங்கனைக்கு இரண்டாண்டு என்பது தையல்காரருக்கு இரண்டாண்டு போன்றதன்று. உடம்பு காத்திருப்பதில்லை.

இதைவிட நம் மனத்தை உறுத்துவது பின்னர் நடந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதே பயிற்சியாளர் இந்திய முகாமுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 2014இல் இஞ்சியோன் ஆசியப் போட்டியில் தொடரோட்டத் தங்கமும் மீண்டும் வந்தது. அந்த அணியில் இருவர் முன்பு தடை பெற்றவர்கள். அவர்களில் ஒருவர் 2016இல் மறுபடியும் சோதனையில் சிக்கி எட்டாண்டுத் தடைக்கு ஆளானார். பயிற்சியாளர் குற்றவாளியா என்று தீர்ப்பளிப்பது நமது வேலையன்று. நாம் பார்ப்பது அவரைத் திரும்ப அழைத்தவர்களின் தராசை. அதில் ஒரு தட்டில் தங்கம் இருந்தது. மறுதட்டில் என்ன இருந்தது என்று எவரும் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கூடைப்பந்துக்கே வருவோம். இவ்விளையாட்டு 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில், கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரால் உருவாக்கப்பட்டது. குளிர்காலத்தில் மாணவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாமல் அறைக்குள் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் பிள்ளைகளின் உடற்கல்வி ஆசிரியர்களில் பலர் அந்தக் கல்லூரியின் வழிவந்தவர்கள். நெய்ஸ்மித் பின்னர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதல் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். அங்கே அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அப்பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகக் கண்ட பயிற்சியாளர் அவர் ஒருவரே! விளையாட்டைக் கண்டுபிடித்தவருக்கு இன்றைய கல்லூரி எதுவும் இரண்டாம் ஆண்டு ஒப்பந்தம் தராது. ஆனாலும் கன்சாஸின் ஆடுகளம் இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இன்று அந்நாட்டில் கல்லூரிக் கூடைப்பந்து கோடிக்கணக்கான டாலர் வணிகம். லூயிவில் பல்கலைக்கழகம் 2013இல் தேசியக் கோப்பையை வென்றது. விடுதிக்கு வந்த இளம் வீரர்களுக்கு ஓர் ஊழியர் ஒழுக்கக்கேடான விருந்துகளை ஏற்பாடு செய்திருந்தார் என்று பின்னர் தெரியவந்தது. பயிற்சியாளர் ரிக் பிட்டினோ அறிந்தே செய்தார் என்று நிறுவப்படவில்லை. கண்காணிக்கத் தவறினார் என்பதே தீர்ப்பு. 2017இல் வேறொரு விசாரணை எழுந்தபோது அவர் நீக்கப்பட்டார். 2018இல் அந்தக் கோப்பையே செல்லாதென்று ஆக்கப்பட்டு, அரங்கில் தொங்கிய பதாகை இறக்கப்பட்டது. 2020இல் அவருக்கு இன்னொரு கல்லூரியில் வேலை. 2023இல் அதைவிடப் பெரிய கல்லூரியில் வேலை. வெற்றி பெறத் தெரிந்தவருக்கு அங்கும் கதவு நெடுநாள் மூடியிருப்பதில்லை.

இந்தியானா பல்கலைக்கழகத்தின் பாப் நைட் கதை இன்னும் சிக்கலானது. 1976, 1981, 1987 என மூன்று தேசியக் கோப்பைகளைப் பெற்றுத் தந்தவர். மாணவர்களை விலைக்கு வாங்கியதாக அவர்மீது புகார் இல்லை. அவரிடம் ஆடியவர்கள் படித்துப் பட்டமும் பெற்றனர். ஆனால் கடுஞ்சொல்லும் கையோங்கலும் அவருடைய பாடமுறை. பயிற்சியின்போது ஒரு மாணவனின் கழுத்தில் அவர் கை இருந்த ஒளிப்பதிவு 2000ஆம் ஆண்டு வெளியானது. அப்போதும் உடனே நீக்கவில்லை. இனிமேல் ஒரு தவறும் பொறுக்கப்படாது என்று எச்சரித்து வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வேறொரு நிகழ்வுக்குப் பின்னரே அனுப்பினார்கள். அனுப்பிய இரவில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் பயிற்சியாளருக்கு ஆதரவாகத் தெருவில் இறங்கினர். பிள்ளையின் கழுத்தைவிடக் கோப்பை கனமானது என்று இருபது வயதிலேயே அவர்களுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பிரம்பில்லாமல் குர்ஆன் மனனம் வராது என்று நம்பும் நம்மவர் சிலரை எண்ணிக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

நல்ல முன்மாதிரி இல்லையா என்றால், இருக்கிறது. ஜான் வுடன் என்பவர் 1947இல் இந்தியானா மாநிலத்தின் ஒரு சிறிய கல்லூரியில் பயிற்சியாளராக இருந்தார். அவருடைய அணிக்குத் தேசிய அளவிலான போட்டிக்கு அழைப்பு வந்தது. ஆனால் அங்கே கறுப்பின மாணவர் ஆடக் கூடாது. வுடனின் அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் ஒருவர் இருந்தார். முன்னணி ஆட்டக்காரர்கூட அல்லர், மாற்று ஆட்டக்காரர்தான். அவரை ஊரில் விட்டுவிட்டுப் போயிருந்தால் அணியின் பலம் அதிகம் குறைந்திராது. வுடன் அழைப்பையே மறுத்தார். மறு ஆண்டு அந்தத் தடை நீங்கியது. வாக்கர் அணியோடு சென்று ஆடினார். இறுதி ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள். அதன்பின் வுடன் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். முதல் தேசியக் கோப்பை அங்கே அவருக்குக் கிடைத்தது 1964இல், அதாவது பதினாறாவது பருவத்தில். பதினைந்து பருவங்கள் கோப்பையின்றி ஒரு பயிற்சியாளரை நம் கல்லூரிகளில் எது வைத்துக்கொள்ளும்? காத்திருந்தவர்களுக்கு 1975க்குள் பத்துக் கோப்பைகள் வந்தன.

அவரிடம் பயின்றவர்களில் ஒருவர்தான் பின்னர் இஸ்லாத்தைத் தழுவிக் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்த மாபெரும் ஆட்டக்காரர். 1967 முதல் 1969 வரை மூன்று கோப்பைகளை வுடனுக்கு வென்று தந்தவர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நட்புக்குப் பின் 2017இல் தம் ஆசானைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஒரு கிறிஸ்தவ ஆசானைப் பற்றி ஒரு முஸ்லிம் மாணவர் எழுதிய நன்றியுரை அது. இங்கும் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. வுடனின் காலத்தில் சாம் கில்பர்ட் என்ற செல்வந்தர் யு.சி.எல்.ஏ. வீரர்களுக்கு விதிகளை மீறி உதவிகள் செய்துவந்தார் என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டது. வுடன் அதை ஆழ்ந்து விசாரிக்கவில்லை என்ற குறை அவர்மீது இன்றளவும் உண்டு. வெற்றி வந்துகொண்டிருக்கும்போது நல்லவரின் கண்ணும் சற்றே மூடிக்கொள்கிறது.

இந்த மண்ணில் வாழும் நமக்கு வெற்றியைப் பற்றித் தனியே கற்றுத்தர வேண்டியதில்லை என்று சில நேரம் தோன்றும். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையோடு மோதி மாண்ட இளைஞன் தேசிங்கு ராஜனைத்தான் செஞ்சி மக்கள் இன்றும் பாடுகிறார்கள். தன் திருமணத்தையும் விட்டுவிட்டு வந்து அவனுக்காக உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் முஸ்லிம் நண்பன் மகபத் கானையும் சேர்த்தே பாடுகிறார்கள். வென்ற நவாப் கோட்டைக்குள் பள்ளிவாசல் கட்டினார். அது இன்றும் நிற்கிறது. அவருக்குப் பாட்டு இல்லை.

மண்டகப்பட்டிலேயே மகேந்திரவர்ம பல்லவர் குடைவித்த குகைக் கோயிலின் கல்வெட்டு ஒரு விந்தையான பெருமையைப் பேசுகிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி இதனை அமைத்தேன் என்பது அதன் பொருள். எதைக் கொண்டு செய்தேன் என்பதற்கு மாறாக, எவற்றைத் தொடாமல் செய்தேன் என்று ஓர் அரசர் எழுதி வைத்திருக்கிறார். கல்லூரி வாசலில் தொங்கும் பதாகைகளில் நாம் எத்தனையோ கோப்பைகளைப் பார்த்துவிட்டோம். எவற்றைத் தொடாமல் அக்கோப்பையை வென்றோம் என்று எழுதிய பதாகை ஒன்றையும் காணோம்.

தோல்வி வந்தால் என்ன செய்வது என்பதற்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை இருக்கிறது. அவர்களுடைய அள்பா என்ற ஒட்டகம் ஓட்டத்தில் தோற்றதே இல்லை. ஒருநாள் ஒரு கிராமத்து அரபி இளம் ஒட்டகம் ஒன்றில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது தாங்கவில்லை. இவ்வுலகில் உயர்வது எதுவாயினும் அதனைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தைச் சொல்லி நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் செய்தி இது. மறுபோட்டி வைக்கச் சொல்லவில்லை. ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டவரை நீக்கவும் இல்லை.

இனி, அந்தத் தந்தை சொன்னதை எழுத வேண்டும்.

“அன்னைக்கு கிராஅத் போட்டியில பெரியவன சின்னவன் பேருல ஏத்தி ஓத வெச்சது நீங்கதானே ஹஜ்ரத். அதனால இதுவும் கூடும்னு நெனச்சுட்டேன்.”

குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. மெய்யாகவே ஐயம் கேட்டார்.

நடந்தது உண்மை. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 12 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் இந்தச் சின்னவன் பெயரைப் பதிவு செய்திருந்தோம். போட்டிக்கு முதல்நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டு தொண்டை அடைத்துக்கொண்டது. அவன் அண்ணனுக்கு அப்போது வயது பதினான்கு, உருவத்தில் சிறியவன், குரலோ மணி போன்றது. மதரஸாவின் மேற்கூரைக்கு அந்த ரமலானில் வசூல் செய்ய வேண்டியிருந்தது. பரிசு பெற்ற மதரஸா என்றால் கொடுப்பவர்களின் கை தாராளமாகும். யாரும் கேட்கமாட்டார்கள் என்று பெரியவனை மேடையில் ஏற்றினோம். யாரும் கேட்கவும் இல்லை. முதற்பரிசு வந்தது. முத்தவல்லி நமக்குப் பொன்னாடை போர்த்தினார். கூரையும் வந்துவிட்டது; இன்று பிள்ளைகள் அதன் கீழேதான் ஓதுகிறார்கள். சின்னவன் ஓதாத ஓதலுக்கு அவன் பெயர் எழுதிய சான்றிதழ் அவர்கள் வீட்டுச் சுவரில் ஏழு ஆண்டாகத் தொங்குகிறது.

அல்லாஹ்வின் வேதத்தை ஓதுவதிலேயே பெயர் மாற்றத்தை ஆகுமாக்கிக் காட்டியவர்கள் நாம். பந்து விளையாட்டில் அதைக் கூடாதென்று சொல்ல நமக்கு இருந்த தகுதியை நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கல்லூரிப் பயிற்சியாளருக்கும் நமக்கும் வேறுபாடு தேடி அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்தோம். அவருக்கு ஒப்பந்தம் போய்விடும் என்ற அச்சம் இருந்தது. நமக்கு அதுகூட இல்லை.

எனினும் தந்தையிடம் விடையை மாற்றவில்லை. அன்று செய்தது தவறு, இன்று கேட்பதும் தவறு என்றோம். அவர் எழுந்து போனார். மகன் அந்தப் போட்டியில் ஆடவில்லை. ஜூனில் அந்த இடமும் கிடைக்கவில்லை. பயிற்சியாளர் தொலைபேசியை எடுப்பதே இல்லையாம். பையன் இப்போது ஓர் அரசுக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். அங்கே கூடைப்பந்துத் திடல் இல்லை. அவனுக்கு அதைவிடச் சிறந்ததை அல்லாஹ் தருவான் என்று சொல்வது நமக்கு எளிது. அவன் வீட்டில் அதைச் சொல்ல நமக்கு இன்னும் வாய் வரவில்லை.

பெற்றோர்களே, விளையாட்டுப் பிரிவில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது, இலவசம் எவையெவை என்று கேட்பதோடு எழுந்துவிடாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இப்படிச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் யார் கையொப்பமிடுகிறார்கள், முழங்கால் உடைந்தால் இடம் நிலைக்குமா, முந்தைய பயிற்சியாளர் ஏன் போனார் என்றும் கேளுங்கள். மகளை அனுப்புபவர்கள், வெளியூர்ப் போட்டிக்கு உடன் செல்லும் பெண் ஆசிரியர் யார் என்று பெயரோடு கேட்க வேண்டும். கிணற்றடியை அவர்களே காட்டுவார்கள். வழியைப் பற்றி நாம்தான் விசாரித்தாக வேண்டும்.

நமது சமுதாயமும் கல்லூரிகளை நடத்துகிறது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919 முதல் இருக்கிறது. சென்னை நியூ காலேஜும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951 முதல் இருக்கின்றன. இவை போன்ற நிறுவனங்களின் நிர்வாகங்களில் அமர்ந்திருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சியாளரின் நியமன ஆணையில், கோப்பை வராததற்காக மட்டும் மூன்று ஆண்டுகளுக்குள் நீக்கப்படமாட்டீர், ஒரு பொய்ப் படிவத்துக்காக அன்றே நீக்கப்படுவீர் என்று இரண்டு வரி சேர்த்துப் பாருங்கள். முதல் வரி இல்லாமல் இரண்டாவது வரி நிற்காது.

ரமலானுக்குப் பிறகு, நமது மதரஸா அலமாரியிலிருந்த அந்தக் கிராஅத் கோப்பையை எடுத்துக்கொண்டு போட்டி நடத்திய குழுவினரிடம் சென்றோம். பழைய கதை, விட்டுவிடுங்கள் ஹஜ்ரத் என்றார்கள். அவ்வாண்டு இரண்டாம் பரிசு பெற்ற பிள்ளை எந்த மதரஸா என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள் பேருந்தேறி அந்த ஊருக்குப் போனோம். அங்குள்ள உஸ்தாத் நம்மைவிட வயதில் இளையவர். நடந்ததைச் சொல்லிக் கோப்பையை அவர் முன்னே வைத்தோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. அந்தப் பிள்ளை அந்தப் போட்டியோடு ஓதுவதை விட்டுவிட்டான், இப்போது பெங்களூரில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான் என்றார். பிறகு தேநீர் வரவழைத்தார்.

மே மாதத்தில் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் அந்தத் தனியார் கல்லூரியின் சேர்க்கைப் பதாகை ஒன்று கட்டப்பட்டிருந்தது. நடுவில் கோப்பை, அதைச் சுற்றி அணியினரின் பெயர்கள். சின்னவனும் நாமும் அதன் கீழே பேருந்துக்காக நின்றிருந்தோம். அவன் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தான். முழங்காலில் அடிபட்ட மாணவனின் பெயரும் அதில் இருந்தது.

“இவன் பேருல யாரு ஆடுனாங்கன்னு தெரியல ஹஜ்ரத்” என்றான்.